பிஎச்பி 8: அர்ரேயில் இல்லாத கீக்கு இயல்பு மதிப்பு கொடுப்பது எப்படி?

ரோஸ்ஹில் தொண்டர்:

வணக்கம். மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடிப் பதிவுப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சர்வரில் பிஎச்பி (இணையப் பக்க நிரல்மொழி) 7.4 இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. 8.2க்கு மாற்றியதிலிருந்து பட்டியலைத் திறந்தாலே பெயர்களுக்கு நடுவே "வார்னிங்: அன்டிஃபைன்ட் அர்ரே கீ" என்று, அதாவது அர்ரேயில் (மதிப்புகளின் தொகுப்பில்) அந்தக் கீயே (மதிப்புக்கு இட்ட பெயரே) இல்லை என்று, வரிசையாக வருகிறது. காட்டும் வரிகள் இவை:

$பால்குடம் = $பதிவு['பால்குடம்'];
$பேர் = $பதிவு['பேர்'];

முதலாவது டிக் பெட்டி. இரண்டாவது, பூசை முடிந்து வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்பது. எல்லாப் பதிவிலும் இப்படி இல்லை, சிலவற்றில்தான். ஒவ்வொரு கீக்கும் ஓர் இஃப் எழுத வேண்டுமா? விரதம் தொடங்குமுன் சமையல் குழுவுக்குப் பட்டியல் கொடுத்தாக வேண்டும்.

எபென் நிரலர்:

வணக்கம் தம்பி. 7.4 வரை இது வெறும் நோட்டீஸ். பல சர்வர்களில் நோட்டீஸை மறைத்தே வைத்திருப்பார்கள். 8.0இல் அதை வார்னிங்காக உயர்த்திவிட்டார்கள், அதனால்தான் இப்போது கண்ணில் படுகிறது.

டிக் செய்யாத பெட்டியைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. மதிப்பு காலியாக வருவதில்லை, கீயே வராது. பால்குடத்துக்குக் காரணம் அதுதான். இஃப் எல்லாம் வேண்டாம், 7.0 முதல் இரட்டைக் கேள்விக்குறி இருக்கிறது:

$பால்குடம் = $பதிவு['பால்குடம்'] ?? 'இல்லை';

கீ இருந்து, மதிப்பு 'நல்' (மதிப்பே இல்லை என்று பொருள்) ஆக இல்லாவிட்டால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் வலப்பக்கம் இருப்பதை எடுக்கும். வார்னிங் வராது. முன்னால் @ போட்டு வாயடைக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். நாளை கீயின் பெயரை எழுத்துப்பிழையோடு அடித்தாலும் தெரியாமல் போய்விடும். ?? போடும்போதும் கீயின் பெயரை ஒருமுறை சரிபாருங்கள், அதுவும் பிழையை விழுங்கும்.

ரோஸ்ஹில் தொண்டர்:

நன்றி அண்ணா, பால்குடம் சரியாகிவிட்டது. 'பேர்' இன்னும் படுத்துகிறது. இந்த வரியில் வார்னிங் போகவில்லை:

'மொத்தம்: ' . $பதிவு['பேர்'] ?? 0

இன்னொரு பக்கத்தில் நண்பர் ஒருவர் ?: போட்டுக் கொடுத்தார். அங்கே சாப்பாட்டுக்கு வரவில்லை என்று 0 எழுதிய வீடுகளுக்கும் 1 என்று காட்டுகிறது.

கத்ர் போர்ன் வாசகி:

முதல் வரிக்கு அடைப்புக்குறி போதும். ஒட்டும் புள்ளி ??க்கு முன்பே வேலை செய்துவிடுகிறது. ஒட்டி முடிந்த சொற்றொடர் எப்போதும் இருக்கும், ஆகவே 0க்கு வேலையே வராது. இப்படி எழுதுங்கள்:

'மொத்தம்: ' . ($பதிவு['பேர்'] ?? 0)

?: வேறு ஆள். மதிப்பு உண்மையா பொய்யா என்று பார்க்கும். படிவத்திலிருந்து வரும் '0' அதற்குப் பொய். அதனால் அந்த வீட்டார் தெளிவாகச் சொன்ன பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு 1 வைக்கிறது. கீ இல்லாவிட்டால் வார்னிங்கும் தரும். எண்ணிக்கை வரும் இடத்தில் அதைத் தொடாதீர்கள்.

இங்கே எனக்கு ஒரு கவலை உண்டு. எழுத்துப் பெட்டியை நிரப்பாமல் அனுப்பினால் கீ வரும், மதிப்பு வெற்றுச் சொல்லாக வரும். ?? அதைத் தடுக்காது, இன்ட் (முழு எண்) ஆக மாற்றினால் 0 ஆகிவிடும். அப்படியிருக்க, 'பேர்' என்ற கீயே இல்லாத பதிவுகள் எங்கிருந்து வந்தன?

ரோஸ்ஹில் தொண்டர்:

பார்த்தேன் அக்கா. அவையெல்லாம் கோவிலின் பழைய ஏட்டிலிருந்து ஏற்றியவை. அதில் சாப்பாட்டுக் கேள்வியே கிடையாது.

கத்ர் போர்ன் வாசகி:

அப்படியானால் 0 போடுவதும் 1 போடுவதும் தப்பு. 0 என்றால் "வரமாட்டோம்" என்று அவர்கள் சொன்னதாகிவிடும். யாரும் அவர்களைக் கேட்கவேயில்லையே. சமையல் குழு இந்த எண்ணை நம்பித்தான் அரிசி அளக்கும், வந்தவர்களுக்கு இலை போட முடியாமல் போகக் கூடாது. இங்கே இயல்பு மதிப்பாக 'நல்' வையுங்கள், திரையில் "கேட்கவில்லை" என்று காட்டுங்கள். வெற்றுச் சொல்லையும் அதே கணக்கில் சேர்க்கலாம். கூட்டும்போது இவற்றை விட்டுவிட்டு, எத்தனை வீடுகள் பாக்கி என்று தனியாக எழுதுங்கள்.

எபென் நிரலர்:

ஆமாம், அதுதான் சரி. எல்லாக் கீகளுக்கும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம்:

$இயல்பு = ['பால்குடம்' => 'இல்லை', 'பேர்' => நல், 'தொலைபேசி' => ''];
$பதிவு = $பதிவு + $இயல்பு;

'நல்' என்ற இடத்தில் பிஎச்பியின் ஆங்கிலச் சொல்லை (null) இடுங்கள். கூட்டல் குறி இடப்பக்கம் இருப்பதைத் தொடாது, இல்லாத கீகளை மட்டும் நிரப்பும். ஆகவே 0 பத்திரமாக இருக்கும். தொலைபேசிக்குப் பொய் எண் எதையும் இயல்பாக வைக்காதீர்கள், யாராவது அதற்குப் போன் போடுவார்கள்.

ரோஸ்ஹில் தொண்டர்:

வேலை செய்கிறது, ஒரு வார்னிங்கும் இல்லை. பட்டியலில் "வருவோர்", "கேட்கவில்லை" என்று இரண்டு நெடுவரிசை வைத்துச் சமையல் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கேட்காத வீடுகளுக்கு இன்று மாலை இளைஞர் குழு போன் செய்கிறது. பழைய ஏட்டில் சில கைபேசி எண்கள் 2013க்கு முந்தைய 7 இலக்கத்தில் இருக்கின்றன, முன்னால் 5 சேர்த்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.