8 ஜிபி ராம் இருந்தும் போன் ஏன் இப்பிடி இழுக்குது?

கல்லடிப்பொடியன்:
வாட்ஸப்ப திறந்தா வெள்ளையா நிக்குது, கேலரி ஏறுறதுக்கே நேரமெடுக்குது, பிளே ஸ்டோர் அப்டேட் ஓடுற நேரம் கீபோர்டும் வருதில்ல. மட்டக்களப்பு டவுன்ல ஒரு கடையில காட்டினா ராம் பத்தாது, புதுசு எடுங்க எண்டுறாங்க. 128 ஜிபி ஸ்டோரேஜ்ல 3 ஜிபிதான் மிச்சம் இரிக்கு. ராம்தானா பிரச்சினை?

கல்முனைநானா:
ராம் இல்ல தம்பி, ஸ்டோரேஜ். உங்கட போன்ல இரிக்கிற ஸ்டோரேஜ் சிப் பழைய வகை இஎம்எம்சியா, வேகமான வகை யுஎஃப்எஸ்ஸா எண்டு பாருங்க. இஎம்எம்சி ஒரே நேரத்துல ஒண்டு வாசிக்கும் இல்லாட்டி எழுதும், ரெண்டும் சேந்து நடக்காது, அதான் அப்டேட் எழுதுற நேரம் மத்ததெல்லாம் ஒத்தவழிப் பாலத்துல பஸ் நிக்கிற மாதிரி நிக்குது, யுஎஃப்எஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே நேரம் ஓடும். கடைக்காரர் காட்டுற, செக்கனுக்கு இத்தின எம்பி எண்ட கணக்க நம்பாதீங்க, அது பெரிய பைல ஒரேயடியா வாசிக்கிற வேகம். ஆப் திறக்கிறதுக்கு 4 கேபி மாதிரி சின்னச்சின்னத் துண்டுகள அங்கங்க வாசிக்கிற வேகம்தான் முக்கியம், வாட்ஸப்பும் மெசேஜ் சேத்து வெக்கிற எஸ்கியூலைட் எண்ட டேட்டாபேஸ்ல அப்பிடித்தான் எழுதுது.

வாவிக்கரை:
3 ஜிபி மிச்சம் எண்டா எந்தச் சிப்பும் திணறும். போன் ஸ்டோரேஜ் எல்லாம் பிளாஷ் எண்ட வகை, அதுல பழசுக்கு மேல நேரா எழுதேலாது, பிளாக் எண்ட ஒரு பெரிய துண்டையே அழிச்சிட்டுத்தான் எழுதணும், வெறும் இடம் இல்லாட்டி இருக்கிறதத் தூக்கி வேற இடத்துல வெச்சிட்டு அழிக்கும். 15, 20 ஜிபி காலியாக்கிட்டு ராவைக்குச் சார்ஜ்ல போட்டு விடுங்க, ஆண்ட்ராய்ட் 4.3ல இருந்து சும்மா கிடக்கிற நேரம் ட்ரிம், அதாவது அழிச்ச பைல் இருந்த இடம் இனி வெறும் இடம் எண்டு சிப்புக்குச் சொல்ற வேலை, தானா ஓடும்.

கல்லடிப்பொடியன்:
அப்ப மெமரி காட் போட்டு ஆப்பெல்லாம் அதுக்கு மாத்தட்டா?

கல்முனைநானா:
ஐயோ வேணாம், அது இன்னும் ஸ்லோ. போட்டோ வீடியோவ மட்டும் மாத்துங்க.