டோங்கா எரிமலையும் தாமிரபரணி வெள்ளமும்: அந்தப் பத்து சதவீதம்

பாளையத்துக்காரர்:
2023 டிசம்பர் வெள்ளத்துக்கு, 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்கா அருகே வெடித்த கடலடி எரிமலைதான் காரணம் என்றும், அது வானத்து நீராவியைப் பத்து சதவீதம் கூட்டிவிட்டது என்றும் குறுக்குத்துறையார் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கூடியது வானம் முழுவதிலும் அன்று, மழை மேகங்களுக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலத்தில் மட்டுமே. அங்கே இயல்பிலேயே ஈரம் அற்பம் என்பதால்தான் ஏறிய 14.6 கோடி டன் பத்து சதவீதமாகத் தெரிகிறது. வளிமண்டலத்து நீராவி முழுவதோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு.

குறுக்குத்துறையார்:
பத்து சதவீதத்தை ஒப்புக்கொண்டமைக்கு நன்றி, அண்ணாச்சி. எங்கள் கூடத்தில் ஜன்னல் கம்பி மட்டத்துக்குப் படிந்த சேற்றுக் கோடு, மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. வந்து பார்த்துவிட்டு லட்சத்தில் ஒரு பங்கு என்று சொல்லுங்கள்.

பாளையத்துக்காரர்:
சேற்றை நான் மறுக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியால். அது நடந்தது கீழ்வானத்தில். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை கக்கிய சுமார் ஒன்றரைக் கோடி டன் கந்தக டை ஆக்சைடு, நுண்துளிகளாக மாறி வெயிலை மறித்து உலகை ஏறத்தாழ அரை டிகிரி குளிர்வித்தது. டோங்கா கக்கிய கந்தகமோ சில லட்சம் டன்தான். கடல்நீரைத்தான் ஆவியாக்கி மேலே எறிந்தது. அந்த ஆவி வெப்பத்தைப் பிடித்து வைக்கும், அந்த உயரத்தில் அதைக் கழுவ மழை இல்லாததால் ஆண்டுக்கணக்கில் தங்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் தாமிரபரணியில் கொட்டிய தண்ணீர் அதுவன்று.

பேட்டை வாத்தியார்:
விழுக்காடு என்று எழுதக்கூடாதா? மேலும், அந்த நீராவி அடுக்கு மண்டலத்தையே குளிர்வித்ததை இருவருமே விட்டுவிட்டீர்கள்.

பாளையத்துக்காரர்:
வாத்தியாருக்கு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் போதும். சென்ற கோடையில் எல் நினோ பற்றிய சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள். பத்து சதவீதமோ விழுக்காடோ, எதில் பத்து என்பதுதான் கேள்வி.

பேட்டை வாத்தியார்:
அன்று நான் சொன்னதே சரி.

குறுக்குத்துறையார்:
நாசாவின் ஆரா செயற்கைக்கோள் அளந்த பத்தை, பாளையத்தில் திண்ணையில் உட்கார்ந்து லட்சத்தில் ஒன்றாக்கும் வித்தை எனக்கு வராது. பத்து என்றால் பத்துதான், அண்ணாச்சி.

பாளையத்துக்காரர்:
எதில் பத்து?