நமஹகேயை ‘டெமன்’ என்று சொல்லலாமா?

ஓகா டீச்சர்:
வணக்கம். ஜப்பானின் அகிதா மாகாணத்தில், ஓகா தீபகற்பத்தில், ஒரு தொடக்கப் பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பில் மொத்தமே பதினோரு பிள்ளைகள். சொந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசி, ஆஸ்திரேலியப் பள்ளி ஒன்றுக்கு வீடியோ அனுப்ப வேண்டும். ஒரு பெண் எழுதி வந்தது இவ்வளவுதான்: “டிசம்பர் 31 இரவு எங்கள் ஊருக்கு டெமன் வரும். கத்தி வைத்திருக்கும். குழந்தைகளை அழவைக்கும். நன்றி.”

அவள் ‘டெமன்’ (ஆங்கிலத்தில் பேய், அரக்கன்) என்றது, முகமூடியும் வைக்கோல் உடையும் போட்டு வீடுவீடாக வரும் நமஹகேயை. வகுப்பே சிரித்தது. ஒரு பையன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் அப்பா வருஷா வருஷம் முகமூடி போடுகிறவராம். “அது டெமன் இல்லை, சாமி” என்கிறான். அகராதியும் துணைப்பாடமும் ‘டெமன்’ என்றுதான் சொல்கின்றன. நான் எதைத் திருத்துவது?

செண்டாய்வாசி:
பையன் சொல்வதுதான் சரி. 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஒரே தொகுப்பாகச் சேர்ந்த 10 சடங்குகளில் நமஹகேயும் ஒன்று. அந்தத் தொகுப்புக்குப் பெயரே ‘ரைஹோ-ஷின்’, அதாவது வந்துபோகும் தெய்வங்கள். கத்தியும் மரக்கத்திதான். குளிர்காலம் முழுக்க வேலை செய்யாமல் அடுப்படியிலேயே குந்தியிருந்தால் காலில் தோல் சிவந்து தடிக்குமாம். அதற்கு ‘நமோமி’ என்று பெயர். அதை உரித்தெடுக்க வருகிறவர் என்பதால்தான் நமஹகே. சோம்பேறிகள்தான் பயப்பட வேண்டும், டீச்சர்!

பழைய அகிதாக்காரன்:
அவ்வளவு சுலபமாக முடிக்காதீர்கள். 999 படிக் கதையை எங்கே வைப்பீர்கள்? சீனத்து ஹான் பேரரசர் வூ ஐந்து ‘ஓனி’களோடு (ஜப்பானியக் கதைகளில் வரும் அரக்கர்கள்) வந்தாராம். அவை ஊரைப் பாடாய்ப் படுத்த, ஒரே இரவில் ஆயிரம் படி கட்டிவிட்டால் வருஷத்துக்கு ஒரு பெண்ணைத் தருகிறோம் என்று ஊரார் பந்தயம் கட்டினார்கள். 999 முடிந்ததும் யாரோ சேவல் மாதிரி கூவ, விடிந்துவிட்டதென்று ஓனிகள் ஓடிவிட்டன. அகாகாமி ஆலயத்துக்கு ஏறும் அந்தக் கற்படிகளில் நானும் மூச்சு வாங்க ஏறியிருக்கிறேன். ஓனியும் உண்டு, சாமியும் உண்டு. பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம். அவர் என்ன செய்கிறார் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள், போதும்.

ஓகா டீச்சர்:
நன்றி, அப்படியே செய்தோம். அந்தப் பையன்தான் முதலில் எழுந்தான். அவன் சொன்னதில் பாதி எனக்கே தெரியாது. எங்கள் ஓகாவிலேயே ஷின்ஸான் பக்கம், நமஹகே வேடம் போட்டவர்கள் வீட்டுக்குள் வருமுன் ஏழு முறை காலை ஓங்கி மிதிப்பார்களாம். அந்த வருஷம் சாவோ பிறப்போ நடந்த வீட்டுக்குப் போக மாட்டார்கள் (நம்ம தீட்டுதான், வேறென்ன). வீட்டுக்காரர் அவர்களை விருந்தாளியாக உட்கார வைத்து சாக்கே (அரிசி மது) ஊற்றிக் கொடுத்து, “எங்கள் பிள்ளை நல்ல பிள்ளை” என்று வக்காலத்து வாங்குவாராம்.

‘டெமன்’ எழுதிய பெண் இப்போது ஹதாஹதா மீனுக்கு மாறிவிட்டாள். குளிர்கால இடி முழங்கும்போது கரைக்கு வரும் மீன். அந்தப் பெயரை ஜப்பானிய எழுத்தில் மீன் குறியோடு இடிக் குறியைச் சேர்த்தும் எழுதுவார்கள் என்று பலகையில் பெரிதாக வரைந்து காட்டினாள்.

இன்னொரு சந்தேகம். நமஹகே உடையிலிருந்து உதிரும் வைக்கோல் அதிர்ஷ்டமாம், உடனே பெருக்கக்கூடாதாம். பையன் ஒரு கை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் வைத்திருக்கிறான். எத்தனை நாள் அப்படியே விட வேண்டும்?