குடும்பக் குழு: காளான் கொட்டிலுக்கு ஈரப்பதன் மீட்டர்

அக்கா (ஹட்டன்), மாலை 6.42
தம்பி, பெட்டிக்குள்ள இருக்கிற சென்சர் 20 பாகை, ஈரப்பதன் 84னு அனுப்புது. பக்கத்துல தொங்குற ரெண்டு தேர்மோமீட்டர்ல ட்ரை பல்ப் (காய்ஞ்சது) 18, வெட் பல்ப் (ஈரத் துணி சுத்தினது) 17.5. எதை நம்புறது? 85க்கு கீழ போனா தண்ணி அடிக்கணுமே.

தம்பி (கண்டி), 6.50
பல்ப் ரெண்டும் சொல்றதுதான் சரி அக்கா. உண்மையான ஈரப்பதன் 95 கிட்ட. தண்ணி அடிக்க வேணாம்.

தம்பி, 6.53
காரணம் இதுதான். வைஃபை ஓடுறப்ப, ரீடிங்கை அனுப்புற அந்தச் சின்ன இஎஸ்பி8266 போர்டு 70 மில்லிஅம்பியருக்கு மேல இழுக்கும், மூடின பெட்டிக்குள்ள சூடு தேங்கும். காத்துல உள்ள நீராவி அப்படியே இருக்கு, காத்து மட்டும் 2 பாகை சூடாகுது. 18 பாகையில காத்து பிடிக்கக்கூடிய நீராவி அமுக்கம் 20.6 ஹெக்டோபஸ்கல். அதுல 95 வீதம் 19.6. 20 பாகையில பிடிக்கக்கூடியது 23.4. 19.6ஐ 23.4ஆல பிரிங்க, 84 வரும். சென்சர்ல பிழை இல்ல, அது இருக்கிற இடத்துலதான் பிழை.

சித்தப்பா (பண்டாரவளை), 7.05
அந்த 84ஐ நம்பி தண்ணி அடிச்சா காளான் பை மேல தண்ணி நிக்கும், காளான் அழுகும். ஜூன், ஜூலையில ஹட்டன் பக்கம் வெளிக்காத்தே நனைஞ்சுதான் இருக்கும்.

அக்கா, 7.08
அப்ப சென்சரை வெளியே எடுக்கணுமா?

தம்பி, 7.21
ஆமா. அரை மீட்டர் வயர் போதும், போர்டுக்குக் கீழ தொங்க விடுங்க. சூடு மேல போகும், அதனால போர்டுக்கு மேல வைக்காதீங்க. உங்க எஸ்எச்டி31 சென்சருக்கு நாலு வயர்தான்: விஐஎன் 3.3 வோல்ட் பின்னுக்கு, ஜிஎன்டி ஜிஎன்டிக்கு, எஸ்டிஏ டி2க்கு, எஸ்சிஎல் டி1க்கு. 5 வோல்ட் குடுக்காதீங்க. வயர் ஒரு மீட்டரைத் தாண்டினா ரீடிங் நடுவுல விட்டுவிட்டு வரும். அதுக்கு மேல தூரம் வேணும்னா இன்னொரு போர்டு வைக்கிறதுதான் நல்லது.
சென்சருக்கு மேல மூடிக்கு, வெள்ளை பிளாஸ்டிக் சோசர் நாலைக் கவுத்து, நடுவுல ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்க. தண்ணி அடிக்கிற நொசில்ல இருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, பைகள் இருக்கிற உயரத்துல.

சித்தப்பா, 7.26
பெட்டியில வயர் போற ஓட்டையை சிலிக்கன் வச்சு அடைக்கிற எண்ணம் இருந்தா விடுங்க. வினிகர் மணம் வர்ற சிலிக்கன் காய்றப்ப வர்ற ஆவி ஈரப்பதன் சென்சரைக் கெடுக்கும். கொட்டிலுக்கு போர்மலின், பிளீச் அடிக்கிற அன்னைக்கும் சென்சரைக் கழட்டி வெளியே வச்சிருங்க.

அக்கா, 7.30
கடையில டிஎச்டி22னு இன்னொரு சென்சரும் இருக்கு, விலை குறைவு. அது போதாதா?

தம்பி, 7.38
வீட்டு அறைக்குன்னா போதும். கொட்டிலுக்கு வேணாம். 95க்கு மேல போய் ஒரு தடவை நனைஞ்சா 99.9ல ஒட்டிக்கிட்டு மணிக்கணக்கா இறங்காது. எஸ்எச்டி31க்குள்ள சின்ன ஹீட்டர் இருக்கு. நனைஞ்சா அதைப் போட்டு காய வைக்கலாம். ஹீட்டர் போட்டு நிறுத்தினதும் 5 நிமிஷத்து ரீடிங்கைச் சேர்க்காதீங்க, அதுவும் சூட்டுல எடுத்த ரீடிங்தான்.

தம்பி, 7.44
இன்னொண்ணு. போர்டை 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பி, அளந்து, அனுப்பிட்டு தூங்க வைங்க. தூங்குறப்ப சூடே வராது. அதுக்கு போர்டுல டி0 பின்னை ஆர்எஸ்டி (ரீசெட்) பின்னோட ஒரு வயரால இணைக்கணும். புரோகிராம் ஏத்துறப்ப அந்த வயரைக் கழட்டணும், இல்லாட்டி ஏறாது. இதை மறந்துட்டு போர்டு செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுறவங்க நிறைய.

அக்கா, 7.49
நேத்து கரண்ட் போய் வந்த பிறகு, போர்டை நிறுத்தித் திரும்பப் போடுற வரை எதுவுமே வரல. முன்னாடி வந்ததுலயும் சில வரிசைல திகதி 1970னு இருக்கு.

தம்பி, 8.02
கரண்ட் வந்ததும் போர்டு ஒரு செக்கன்ல எழும்பிடும், ரவுட்டர் எழும்ப ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆகும். உங்க புரோகிராம் வைஃபை கிடைக்கிற வரை அங்கேயே நிக்குது. 20 செக்கன் பாத்துட்டு, கிடைக்கலைன்னா ரீடிங்கை போர்டு பிளாஷ் மெமரில எழுதிட்டுத் தூங்கட்டும், அடுத்த தடவை சேர்த்து அனுப்பட்டும்.
1970 வர்றது, இன்டர்நெட்ல இருந்து நேரம் வாங்க முதலே எழுதினதால. நேரம் கிடைச்சுதான்னு பாத்துட்டு மட்டும் திகதி போடணும். இலங்கைக்கு 19800 செக்கன் கூட்டணும், அஞ்சரை மணித்தியாலம்.

சித்தப்பா, 8.06
ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை பேரை மட்டும் காட்டுதான்னும் பாரும்மா. இஎஸ்பி8266க்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரீடிங்கை வாங்குற சின்னக் கணினி ராஸ்பெரி பைல, மொஸ்கிட்டோ 2ங்கிற மென்பொருளைப் போட்டிருந்தா, அது தனக்குள்ள இருந்து வர்றதை மட்டும்தான் கேக்கும். கொன்ஃபிக்ல லிசனர் 1883னு ஒரு வரி, பாஸ்வேர்ட் பைலுக்கு ஒரு வரி போடாட்டி வெளி போர்டை உள்ள விடாது.

அக்கா, 8.11
லிசனர் வரி இருக்கு. சென்சர் சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கிறது?

தம்பி, 8.19
சமையல் உப்பு போதும். ஒரு போத்தல் மூடில 2 மேசைக்கரண்டி உப்பு, ஈர மணல் மாதிரி வர்ற அளவு மட்டும் தண்ணி. உப்பு கரைஞ்சே போனா வேலைக்கு ஆகாது. இறுக்கமா மூடுற டப்பாக்குள்ள வச்சு, சென்சரையும் போடுங்க, உப்பைத் தொடக் கூடாது. வயர் வர்ற இடத்தை டேப்பால அடைங்க. அடுப்புப் பக்கம் வேணாம், ராத்திரி முழுக்க ஒரே சூட்டுல இருக்கட்டும். டப்பாக்குள்ள ஈரப்பதன் 20 பாகையில 75.5ல நிக்கும், சென்சரும் அதைக் காட்டணும்.

அக்கா, காலை 6.14
20.2 பாகை, 73.9. அஞ்சு மணியில இருந்து அசையல.

தம்பி, 6.31
நல்ல சென்சர். புரோகிராம்ல ரீடிங்கோட 1.6 கூட்டுங்க. ஆனா உங்களுக்கு வேலை 85லதான், அங்கயும் ஒரு தடவை பாக்கிறது நல்லது. பொட்டாசியம் குளோரைட்டை இதே மாதிரி நனைச்சா 20 பாகையில 85.1.

சித்தப்பா, 6.35
தோட்டத்துக்குப் போடுற எம்ஓபி உரமும் அதுதானே?

தம்பி, 6.37
அதேதான் சித்தப்பா, ஆனா உரத்துல வேற உப்பும் கலந்திருக்கும், எண் தள்ளிப் போகும். ஆய்வுகூடத்துக்கு விக்கிற சுத்தமானதை 50 கிராம் வாங்குங்க.