அவசரம்: சுவரில் ஒட்டிய எழுத்துக்கள் எல்லாம் காலையில் தரையில் கிடக்கின்றன

மூன்றாம்மாடி | வியாழன், காலை 6.52

மகளுக்கு ஞாயிறு மாலை பிறந்தநாள் விழா. கடையில் விற்கும் பதாகை வேண்டாம், நானே செய்கிறேன் என்று வீம்பு பேசிவிட்டேன். நான்கு இரவுகள் உட்கார்ந்து சார்ட் தாளை முக்கோணக் கொடிகளாக வெட்டி, கொடிக்கு ஓர் எழுத்து வீதம் 'பிறந்தநாள் வாழ்த்துக்கள்' எழுதி, ஓரத்தில் ஜிகினா ஒட்டி, நேற்று இரவு பதினோரு மணிக்குச் சுவரில் ஒட்டி முடித்தேன். எதையும் பாராட்டாத நாத்தனார்கூடப் பாராட்டினார். காலையில் பார்த்தால் 'பி' மட்டும் சுவரில் தொங்குகிறது. மற்ற பன்னிரண்டும் தரையில். மறுபடி ஒட்டினேன். காப்பி போட்டுவிட்டு வருவதற்குள் நான்கு விழுந்துவிட்டன. என்ன செய்தால் நிற்கும்? சீக்கிரம் சொல்லுங்கள், எட்டரைக்கு அலுவலகம் கிளம்ப வேண்டும்.

பனைநிழல் | வியாழன், காலை 7.10

எந்த டேப்? எந்தச் சுவர்? சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா, டைல்ஸா? எந்த ஊர்? மழை பெய்கிறதா? இதையெல்லாம் சொல்லாமல் 'என்ன செய்தால் நிற்கும்' என்றால் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

காற்றாடி | வியாழன், காலை 7.18

மின்விசிறிதான், சந்தேகமே வேண்டாம். இரவு முழுக்க ஓடியிருக்கும். தாள் படபடத்துப் படபடத்து டேப்பின் விளிம்பை நெம்பிவிடும். எங்கள் வீட்டுக் கொலுவில் பின்னால் ஒட்டிய மலைக்காட்சி இப்படித்தான் விழுந்து செட்டியார் பொம்மையின் மூக்கை உடைத்தது. விசிறியை நிறுத்திவிட்டு ஒட்டிப் பாருங்கள்.

நெடுநாள்வாசகன் | வியாழன், காலை 7.31

மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வந்துவிடுகிறார். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று அலங்காரத்துக்காக வைக்கப்படவில்லை. 2019-இலேயே இதுபற்றி எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வந்து கேளுங்கள். பரப்பின் தன்மை தெரியாமல் ஒட்டத் தொடங்குவதே அடிப்படைப் பிழை.

பனைநிழல் | வியாழன், காலை 7.44

தேடிப் பார்த்தேன் ஐயா. அந்த இழையிலும் 'இதற்கு முன்பே எழுதியிருக்கிறேன், தேடிப் படியுங்கள்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாம்மாடி | வியாழன், மதியம் 1.20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். சாதாரண டேப்தான், பள்ளி நோட்டுக்கு அட்டை போட ஒட்டுவோமே, அது. சுவர் வெள்ளைச் சுவர். ஊர் கடலூர். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. விசிறி ஓடவில்லை, நேற்று இரவு மின்சாரமே இல்லை. இன்னொன்று: ஒத்திகைக்காக ஊதி வைத்த பலூன்களில் ஆறு தாமாகவே வெடித்துவிட்டன. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

காற்றாடி | வியாழன், மதியம் 1.26

விடியற்காலையில் மின்சாரம் வந்திருக்கும். அப்போது விசிறி ஓடியிருக்கும்.

பழையபைண்டர் | வியாழன், பிற்பகல் 2.05

அம்மா, டேப்பைத் தூக்கிப் போடுங்கள். மைதாப் பசை காய்ச்சுங்கள். ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு அடுப்பில் ஏற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல ஆகும்போது இறக்கிவிடலாம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. நாங்கள் கணக்குப் பேரேடுகளை இப்படித்தான் பைண்டு செய்தோம்; இன்றும் பிரியவில்லை.

இரட்டைவால் | வியாழன், பிற்பகல் 2.19

பெரியவர் மன்னிக்க வேண்டும். மயில்துத்தம் விஷம். எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகள் கூடும் இடத்தில், கைக்கெட்டும் உயரத்தில், அதுவும் பார்க்க அழகான நீல நிறத்தில் அது வேண்டவே வேண்டாம்.

பழையபைண்டர் | வியாழன், பிற்பகல் 2.40

சரிதான். எங்கள் பட்டறையில் குழந்தைகள் இல்லை. அந்த நினைப்பிலேயே எழுதிவிட்டேன். துத்தம் இல்லாமலே காய்ச்சலாம், மூன்று நாளைக்குக் கெடாது.

இரட்டைவால் | வியாழன், பிற்பகல் 2.46

மூன்று நாளில் எறும்பு வரும். சினிமா சுவரொட்டியை ஆடு தின்பது தாளின் ருசிக்காகவா, மைதாவுக்காகவா என்று யாராவது ஆராய்ந்தால் தேவலை.

ஆறாம்விரல் | வியாழன், பிற்பகல் 3.02

சிறுவயதில் பட்டம் ஒட்டியது சோற்றுப் பருக்கையில். நான்கு பருக்கையை விரலால் நசுக்கித் தேய்த்தால் போதும். இதற்குப் போய் அடுப்பு எதற்கு?

செம்பதிப்பு | வியாழன், மாலை 4.11

எல்லாரும் பசையைப் பேசுகிறீர்கள், பிழையை யாரும் பார்க்கவில்லை. 'வாழ்த்துக்கள்' அன்று, 'வாழ்த்துகள்'. நடுவே 'க்' வராது. ஒரு கொடி மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழையின் தலைப்பில் 'எழுத்துக்கள்' வேறு.

தெருக்கோடி | வியாழன், மாலை 4.20

பூக்கள், பசுக்கள், தெருக்கள் என்றெல்லாம் 'க்' வரும்போது வாழ்த்துக்கு மட்டும் ஏன் வராது?

செம்பதிப்பு | வியாழன், மாலை 4.34

பூ, ஓரெழுத்துச் சொல். பசு, தெரு இரண்டும் முற்றியலுகரம். வாழ்த்து, குற்றியலுகரம். பாட்டுகள், கருத்துகள், வாழ்த்துகள். 'க்' சேர்த்தால் அது வாழ்த்திக் கொடுக்கும் கள். மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டாம்.

தெருக்கோடி | வியாழன், மாலை 4.52

வாழ்த்து வன்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் மிகும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? 'பாட்டுப் பாடினாள்' என்கிறோமே.

செம்பதிப்பு | வியாழன், மாலை 5.03

அது இரண்டு சொற்கள் சேரும்போது. 'கள்' இங்கே விகுதி, தனிச்சொல் இல்லை. குழந்தைக்கு மூன்று வயது என்று நானாக ஊகித்தேன், அதையும் அந்த அம்மையார் சொல்லவில்லை.

தெருக்கோடி | வியாழன், மாலை 5.09

அச்சில் இரண்டும்தான் வருகின்றன. மிகும் என்கிற தமிழாசிரியர்களிடம் நான் படித்திருக்கிறேன்.

மட்டக்கோல் | வியாழன், இரவு 8.30

வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். முப்பது வருடமாகச் சுவருக்கு வண்ணம் அடிப்பவன்.

தங்கச்சி, 'வெள்ளைச் சுவர்' என்பது பதில் இல்லை. இரண்டு காரியம் செய்யுங்கள். உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு, விழுந்த கொடி ஒன்றை எடுத்து டேப்பின் பசைப் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பசை பளபளவென்று சுத்தமாக இருந்தால் குற்றம் டேப்பில். வெள்ளையாக மாவு பிடித்திருந்தால் டேப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, சுண்ணாம்பை இறுகப் பற்றிக்கொண்டது. அந்தச் சுண்ணாம்புதான் சுவரை விட்டுவிட்டது. பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலே மேலே அடித்த சுவர் அப்படித்தான் உதிரும். விலை மலிந்த டிஸ்டெம்பரும் நாளாக நாளாக மாவாகும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் வாங்கினால் கேட்கவே வேண்டாம். மைதா, சோறு, இரட்டைப்பக்க டேப் எதை வைத்தாலும் அதே கதைதான். பசைக்குப் பலம் கூடக் கூட, பெயர்ந்து வரும் சில்லும் பெரிதாகும்.

நெடுநாள்வாசகன் | வியாழன், இரவு 8.41

பரப்பின் தன்மை என்று காலையிலேயே சொன்னேன்.

மூன்றாம்மாடி | வெள்ளி, காலை 6.40

உள்ளங்கை விபூதி பூசியதுபோல் ஆகிவிட்டது அண்ணா. டேப்பும் வெள்ளை. 'பி' மட்டும் ஏன் நின்றது என்று பார்த்தேன். அதன் டேப் பாதி மரக் கதவுநிலையில் ஒட்டியிருந்தது. அப்படியானால் ஆணி அடித்துக் கயிறு கட்டலாமா என்று கேட்பீர்கள். முடியாது, வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் முதல் வரி. எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று முதலில் எழுதவில்லை.

பனைநிழல் | வெள்ளி, காலை 6.58

இன்னும் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?

மட்டக்கோல் | வெள்ளி, காலை 7.05

ஆணி வேண்டாம். சுவரை மறந்துவிடுங்கள், அறையைப் பாருங்கள். ஜன்னல் கம்பி, பரண், திரைச்சீலைக் கம்பி, கதவுக்கு மேலே காற்றுக்கம்பி, இவற்றில் எதிரெதிரே இரண்டு கிடைத்தால் போதும். கயிற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டுங்கள். சணல் நூல் நல்லது, நைலான் வழுக்கும். கொடியின் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலம் பின்னால் மடித்து, கயிறு அந்த மடிப்புக்குள் போகும்படி ஒட்டிவிடுங்கள். பைண்டர் ஐயாவின் மைதாப் பசைக்கு இங்கேதான் வேலை. தாளும் தாளும் ஒட்டும்போது அதை அடித்துக்கொள்ள வேறில்லை. முழுக்கக் காய்ந்த பிறகு தூக்குங்கள்.

ஒன்று முக்கியம். கயிற்றை வீணைத் தந்தி போல் இழுத்துக் கட்டாதீர்கள். எவ்வளவு இழுத்தாலும் நடுவில் கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வைப் போக்க இழுக்கிற இழுப்பில்தான் முடிச்சு நழுவும். பத்தடிக்கு அரையடி தொங்கட்டும். வளைவு அழகாகவும் இருக்கும்.

ஆறாம்விரல் | வெள்ளி, காலை 7.30

கொடிகள் நடுவில் வழுக்கிக்கொண்டு வந்து கும்பலாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு மடிப்பிலும் கயிற்றோடு சேர்த்து ஒரு ஸ்டேப்ளர் பின் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் எல்லாரும் 'நாள்வா' என்றுதான் படிப்பார்கள்.

செம்பதிப்பு | வெள்ளி, காலை 7.41

பின் போடும் முன் அந்த 'க்'கை எடுத்துவிடலாம்.

ஆய்வுக்கூடம் | வெள்ளி, காலை 9.15

பலூனை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி: பலூன் பக்கத்தில் யாராவது ஆரஞ்சு உரித்தார்களா?

காற்றாடி | வெள்ளி, காலை 9.22

பலூன் வெடித்ததற்குப் பழத்தின் மீது பழியா! ஆறும் விசிறி இறக்கையில் பட்டிருக்கும்.

ஆய்வுக்கூடம் | வெள்ளி, காலை 9.40

தோலை உரிக்கும்போது பனி போலத் தெறிக்கிறதே, அந்த எண்ணெயில் லிமோனீன் இருக்கிறது. இயற்கை ரப்பரை அது இளக்கிவிடும். இறுக ஊதிய பலூனில் ஒரு துளி பட்டால் அந்த இடம் மெலிந்து வெடிக்கும். எலுமிச்சைத் தோலிலும் உண்டு. நம்பாவிட்டால் செய்து பாருங்கள்.

இரட்டைவால் | வெள்ளி, இரவு 7.50

செய்து பார்த்தேன். கமலா ஆரஞ்சுத் தோலைப் பலூனுக்குப் பக்கத்தில் வைத்து மடக்கிப் பிழிந்தேன். மூன்றில் இரண்டு வெடித்தன. பையன் அழுது, மனைவி திட்டி, மீதிப் பழத்தை நான் தனியாக உட்கார்ந்து தின்றேன். வெடித்த துணுக்குகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சின்னக் குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மட்டக்கோல் | வெள்ளி, இரவு 8.15

ஆரஞ்சாகவும் இருக்கலாம். உதிர்கிற சுவர் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதில் உரசினாலும் பலூன் போய்விடும். முழு அளவுக்கு ஊதாமல் கொஞ்சம் குறைவாக ஊதி, விழாவன்று மதியம் கட்டுங்கள்.

பனைநிழல் | சனி, மாலை 6.20

என்ன ஆயிற்று? கயிறு கட்டினீர்களா?

காற்றாடி | ஞாயிறு, பிற்பகல் 3.00

விசிறியை நிறுத்தச் சொன்னேன், ஞாபகம் இருக்கட்டும்.

மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 10.48

எல்லாருக்கும் நன்றி. விருந்தினர் இப்போதுதான் போனார்கள், பாத்திரம் கிடக்கிறது, அதனால் சுருக்கமாக. ஜன்னல் கம்பியிலிருந்து பரணுக்குக் கயிறு. பரண் பக்கம் கட்ட இடமில்லாமல் மேலே இருந்த பித்தளை அண்டாவின் காதில் கட்டினேன், அசையவில்லை. பசை மைதாதான், துத்தம் இல்லாமல். மகளுக்கு நான்கு முடிந்தது, மூன்று இல்லை. ஆரஞ்சு உரித்தது மாமியார். அந்த ஆராய்ச்சி முடிவை வீட்டில் வெளியிடவில்லை. 'க்' கொடி மட்டும் சனிக்கிழமை பசைக் கிண்ணத்தில் விழுந்து ஊறிவிட்டது. புதிதாக வெட்ட நேரமில்லை, அப்படியே விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

செம்பதிப்பு | ஞாயிறு, இரவு 10.55

நான் கவனித்தேன்.

மட்டக்கோல் | திங்கள், காலை 6.30

டேப் பெயர்த்த இடத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், திட்டுத் திட்டாகத் தெரியும். காய்ந்த துணியால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். வீட்டுக்காரர் கண்ணில் படாது.