அமெரிக்காவில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிக்க நினைக்கும் நம் செவிலியர்களுக்கு

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு அமெரிக்காவுக்கு வரும் செவிலியர்களில் பலர், ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (எல்லா வயதினரையும் பரிசோதித்து மருந்து எழுதும் மேல்நிலைச் செவிலியர்) ஆக எந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலைப் படிப்பு) சேரலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கப் போகிறீர்கள், கிளினிக்கல் பயிற்சிக்குப் பிரிசெப்டரை (பயிற்சியின்போது மேற்பார்வையிட்டுக் கற்றுக்கொடுப்பவரை) யார் ஏற்பாடு செய்வார்கள் என்ற இரண்டையும் அதற்கு முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது.

அரிசோனா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் மருத்துவருடன் ஒப்பந்தம் இல்லாமலேயே நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதலாம். நம்மவர்கள் அதிகம் வாழும் டெக்சாஸிலோ, மருந்து எழுதும் அதிகாரத்தை ஒரு மருத்துவர் எழுத்து மூலம் ஒப்படைத்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் அடித்தளம் ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) உரிமம். அந்த உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்கு முன் நடக்கும் சான்றிதழ் மதிப்பீட்டுக்கு, உங்கள் கல்லூரியும் நர்சிங் கவுன்சிலும் ஆவணங்களை நேரடியாக அனுப்பவேண்டியிருக்கும் என்பதால், ஊரில் நேரில் போய் விசாரிக்கக்கூடிய ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் வேலை அனுமதி வராமல் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது.

படிப்பு முடிந்து நர்ஸ் பிராக்டிஷனர் சான்றிதழ்த் தேர்வு எழுத நூற்றுக்கணக்கான மணி நேரக் கிளினிக்கல் பயிற்சி தேவை. பல பல்கலைக்கழகங்கள் குறைந்தபட்ச அளவுக்கும் கூடுதலாகக் கேட்கின்றன. ஆன்லைன் படிப்புகள் பலவற்றில் பிரிசெப்டரை மாணவரே தேட வேண்டியிருக்கிறது. புதிதாக வந்து, ஒரு கிளினிக்கிலும் அறிமுகம் இல்லாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சேர்க்கை அலுவலகங்கள் தாமாகச் சொல்வதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்: படிப்புக்கு சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். (நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் அமெரிக்க அமைப்புகள்) அங்கீகாரம் உண்டா, உங்கள் மாநிலத்து மாணவர்களைச் சேர்க்க அனுமதி உண்டா, பிரிசெப்டர் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகம் என்ன செய்யும்.

பயிற்சியில் நம் செவிலியர்களுக்குக் கடினமாக இருப்பது மருத்துவ அறிவு அன்று, முடிவெடுக்கும் பழக்கமே. வார்டில் மருத்துவரின் ஆர்டருக்குக் காத்திருந்து பழகிய நாம், இங்கே சர்க்கரை நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், அவருடைய ஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு) எவ்வளவு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, மெட்ஃபார்மின் அளவைக் கூட்டலாமா, ஏன் என்று பிரிசெப்டரிடம் ஓரிரு நிமிடங்களில் நாமே சொல்ல வேண்டும். ஆர்.என். ஆக வேலை செய்யும் காலத்திலேயே, மருத்துவர் ஆர்டர் எழுதுமுன் நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று மனத்துக்குள் தீர்மானித்து, பிறகு அதை அவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்துவாருங்கள்.