கணவர் சப்பாத்தை முன்கூட்டியே ஏற்றுவிட்டால் எனக்கும் தொடங்கிவிடுமா?

லண்டன், கோல்டர்ஸ் கிரீன். நாங்கள் யூதர்கள். சப்பாத் எங்கள் வாராந்திர ஓய்வுநாள்; வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கும், தொடங்கிவிட்டால் தீ மூட்டவோ சமைக்கவோ கூடாது. சற்று முன்னதாகவே அதை ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும். அதுவரை பிள்ளைகள் சாப்பிடாமல் தாங்க மாட்டார்கள், சின்னவன் ரொட்டித் தட்டின் மேலேயே தூங்கிவிழுவான். அதனால் கணவர் சீக்கிரம் நடக்கும் ஜெபத்துக்குப் போகிறார்.

சிக்கல் நேரத்தில்தான். பிளாக் ஹமின்ஹாவுக்கு, அதாவது பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தால் கடைசி ஒன்றேகால் பங்கு தொடங்கும் நேரத்துக்கு (இந்த வாரம் சுமார் 7.35), முன்னால் சப்பாத் விளக்கேற்ற முடியாது. ஆனால் பிற்பகல் ஜெபமான மின்ஹாவை அதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் கணவர் 7.15-க்கே கிளம்பிவிடுவார். 7.45 வாக்கில் அங்கேயே சப்பாத்தை ஏற்றுவிடுவார். நான் செவிலியர், வீடு சேர 8 மணி. அப்புறம்தான் விளக்கு, சூப்பைச் சூடாக்குவது எல்லாம்.

ஷிஃப்ட் மாற்றிக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கேட்கலாம் என்றால் எங்கள் ரப்பி (மதகுரு) ஊரில் இல்லை. ஊரில் பெரும்பான்மையினர் சப்பாத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் மற்றவர்களையும் அது கட்டும் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக், 263-ஆம் பிரிவு. ஆனால் எங்கள் பகுதியில் தாமதமான ஜெபமும் நடக்கிறதே. வசதிக்காகச் சீக்கிரம் ஏற்கும் கணவரின் முடிவு மனைவியைக் கட்டாது என்று இருபதாம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் எழுதியிருக்கிறார். மாமியாரோ, வீட்டில் ஒருவருக்குத் தொடங்கினால் எல்லாருக்கும் தொடங்கியதுதான் என்கிறார். அவரோடு வாதாடி யார் ஜெயித்தது!

கணவர் திரும்பி வந்து கித்தூஷ் (உணவுக்கு முன் திராட்சை ரசத்தோடு சொல்லும் ஆசி) சொல்லும்வரை நான் அடுப்பைத் தொடலாமா, இல்லை அவர் ஜெப ஆலயத்தில் ஏற்றுக்கொண்ட நிமிடமே எனக்கும் சப்பாத்தா?